குளியலறைத் தரை: கண்ணுக்கு அழகா, காலுக்கு உறுதியா?

வீட்டில் மிகச் சிறிய அறை எது என்று கேட்டால் குளியலறை என்போம். மிகக் கடினமாக உழைக்கும் தரை எது என்று கேட்டாலும் அதே விடைதான். ஆயினும் வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம் பெரும்பாலும் வரவேற்பறைக்கே அதிக நேரமும் பணமும் ஒதுக்குகிறோம். குளியலறைக்கு வரும்போது, கடையில் கண்ணைக் கவர்ந்த ஒரு வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றதை மிஸ்திரியின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். சில ஆண்டுகளில் தரை வழுக்குகிறது, இடுக்குகள் கறுக்கின்றன, கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

நம் ஊர்களில் குளியல் என்பது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடந்த காரியம். கிணற்றடியில் ஒரு கல், அருகில் ஒரு துவைகல், வழிந்தோடும் நீர் வாழைக்கும் தென்னைக்கும். நனைந்த தரையைச் சூரியன் உலர்த்தியது. நகரத்துக்கு வந்தபின் அந்தக் கிணற்றடியின் வேலைகள் அனைத்தும் நான்கு சுவர்களுக்குள் வந்துவிட்டன. மும்பையின் பழைய சால்களில் அறையின் ஒரு மூலையில் இருக்கும் மோரியே குளியலறை. அடுக்குமாடி வீடுகளிலோ 4 அடிக்கு 6 அடி என்ற அளவில் ஒரு குளியலறை. வெயில் அதற்குள் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தரைக்குக் கீழே நிலம் இல்லை. இன்னொரு குடும்பத்தின் கூரை இருக்கிறது.

ஆகையால் நகரத்துக் குளியலறைத் தரைக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, அதன்மேல் நிற்பவரை விழாமல் காப்பது. மற்றொன்று, அதன் கீழ் வாழ்பவரை நனையாமல் காப்பது. இவ்விரண்டையும் செய்கிற தரையே உறுதியான தரை. அழகு அதற்குப் பின்னரே வரவேண்டும்.

ஒரு நாளில் இந்தத் தரை சுமப்பது

ஆறு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெற்றோர், பிள்ளைகள் மூவர், ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் பாட்டி. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இரண்டு வாளி நீர், ஒரு வாளிக்கு 20 லிட்டர் என்று கணக்கிட்டால், குளியலுக்கு மட்டுமே 240 லிட்டர் நீர் அந்தத் தரையின்மேல் ஓடுகிறது. ஓராண்டில் அது 87,600 லிட்டர். துணி துவைக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் இதில் சேரவில்லை. ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் புறப்படும் அவசரத்தில் ஒருவர் பின் ஒருவராக அறுவரும் குளித்து முடிக்கும்போது, தரை உலர்வதற்கு ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை.

மும்பை போன்ற நகரங்களில் குழாய்நீர் குறித்த சில மணி நேரமே வருவதால், பலருடைய குளியலறையில் பெரிய டிரம் ஒன்றும் நிற்கிறது. 200 லிட்டர் டிரம் நிறைந்திருக்கும்போது நீரின் எடை மட்டுமே 200 கிலோ. அதை நகர்த்தும்போது அதன் அடிவிளிம்பு டைல்ஸைக் கீறுகிறது. கைதவறி விழும் பித்தளைச் செம்பு, துணி அடிக்கும் கட்டை, சோப்பு, எண்ணெய், ஷாம்பு, வாரந்தோறும் ஊற்றப்படும் ஆசிட் ஆகிய அனைத்தையும் இந்தச் சிறிய தரை தாங்கவேண்டும். இவற்றை மனதில் வைத்தே தேர்வு தொடங்கவேண்டும்.

முதலில் கண்ணுக்குத் தெரியாத அடித்தளம்

டைல்ஸ் நீரைத் தடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். டைல் ஒன்று நீரை உறிஞ்சாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்ட் இடுக்கு நீரை உள்ளே விடும். தரைக்குக் கீழே இறங்கும் நீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் செய்யப்படும் வாட்டர் புரூஃபிங் வேலைதான். அது பழுதாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த டைல்ஸ் பதித்தாலும் கசிவு நிற்காது.

மும்பையில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள முறை ‘பிரிக்பேட் கோபா’ எனப்படுகிறது. தாழ்த்திக் கட்டப்பட்ட கான்கிரீட் தளத்தின்மேல் உடைந்த செங்கல் துண்டுகளைச் சிமெண்ட் கலவையில் நெருக்கமாக அடுக்கி, இடைவெளிகளை நிரப்பி, மேலே பூசுவார்கள். நன்றாகச் செய்யப்பட்ட கோபா பல ஆண்டுகள் நிலைக்கும். ஆனால் அது கனமானது. ஒருமுறை நீர் உள்ளே புகுந்துவிட்டால், செங்கல் அந்த நீரை உறிஞ்சித் தேக்கிவைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கீழே விடும். ஆகவே இக்காலத்தில் முதலில் கான்கிரீட் தளத்தின்மேலேயே பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு முறை கொடுக்கப்படுகிறது. அந்தப் பூச்சு தரையோடு நின்றுவிடாமல், சுற்றுச்சுவர்களில் குறைந்தது ஓர் அடி உயரம் வரையும், குளிக்கும் பக்கத்தில் இன்னும் உயரமாகவும் ஏறவேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலைகளை வளைவாகப் பூசவேண்டும். ‘வாட்டா’ என்று மிஸ்திரிகள் சொல்லும் இந்த வளைவு இல்லையென்றால், விரிசல் முதலில் அந்த மூலையில்தான் தோன்றும்.

கசிவு மிகுதியாக ஏற்படும் மற்றோர் இடம் நீர் வெளியேறும் நஹானி டிராப். அதன் கழுத்தும் தளமும் சேரும் இடத்தைச் சுற்றிலும் தனிக் கவனத்துடன் அடைக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் செல்லும் குழாய்களையும் டைல்ஸ் பதிப்பதற்கு முன்னரே சோதித்துவிடவேண்டும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயை உள்ளே விட்டுவிட்டுப் புதிய டைல்ஸால் மூடுவது, செலவை ஒத்திப்போடுவதே அன்றிக் குறைப்பது ஆகாது.

வாட்டர் புரூஃபிங் முடிந்து பூச்சு உலர்ந்தபின் ஓர் எளிய சோதனை செய்யலாம். வடிகால் துளையை இறுக அடைத்து, தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி, சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கூரையில் ஈரம் தோன்றுகிறதா என்றும் பாருங்கள். இதற்கு நீரைத் தவிர வேறு செலவில்லை. இந்தச் சோதனையை முடிக்காமல் ஒரு டைலைக்கூடப் பதிக்க அனுமதிக்காதீர்கள்.

கீழ்வீட்டாரின் கூரை

கசிவு வெறும் கட்டடக் குறைபாடு அல்ல. அது உறவைக் கெடுக்கும் குறைபாடு. கீழ்வீட்டுச் சமையலறையின்மேல் நம் குளியலறை நீர் சொட்டும்போது, பல ஆண்டுகள் முகம் பார்த்துப் பேசிய இரு குடும்பங்கள் மாடிப்படியில் தலையைத் திருப்பிக்கொண்டு போகிற நிலை வருகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஈரத்தால் துருப்பிடித்துப் பருக்கும்போது கூரையின் பூச்சு பெயர்ந்து விழவும் கூடும். அப்போது அது உயிருக்கே ஆபத்து.

மகாராஷ்டிரத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, பொதுவான வெளிக்குழாய்களாலும் மழைநீராலும் உண்டாகும் கசிவைச் சரிசெய்வது சங்கத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் உள்ள பழுதுகளைச் சரிசெய்வது அந்த வீட்டு உறுப்பினரின் செலவு. ஆகவே, கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சங்கத்தின் பிளம்பர் அல்லது பொறியாளரைக் கொண்டு கண்டறியுங்கள். நம் தரையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தால், விவாதத்தை வளர்க்காமல் வேலையைத் தொடங்குவதே நல்லது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இரு வீட்டுச் செலவையும் உயர்த்தும்.

சாய்வு

குளித்து முடித்த சில நிமிடங்களில் நீர் தானாக வடிந்துவிடவேண்டும். நீரைத் துடைப்பத்தால் தள்ளவேண்டிய நிலை இருந்தால் சாய்வு சரியில்லை என்பது பொருள். ஓர் அடி நீளத்துக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் இறக்கம் போதுமானது. ஆறடி நீளமுள்ள குளியலறையில் கதவுப் பக்கத்துக்கும் வடிகாலுக்கும் இடையே 18 முதல் 24 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். இதைவிடக் குறைந்தால் நீர் தேங்கும். மிகவும் கூடினால் நிற்பவர்களின் கால் நிலை தடுமாறும், முதியோருக்கு அது துன்பம்.

குளியலறைத் தரை வெளியறைத் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதும், வாசலில் கிரானைட் பட்டை ஒன்று பதிப்பதும் நல்லது. நீர் வெளியே வராது; மரக்கதவின் நிலை அடியில் உளுத்துப்போகாது. ஆனால் பட்டையின் உயரம் கால் இடறும் அளவுக்கு இருக்கலாகாது.

எந்தக் கல், எந்த டைல்ஸ்?

இனி கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் முக்கியமான வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செராமிக் டைல்ஸ்: களிமண் கலவையை அழுத்தி, சுட்டு, மேலே கண்ணாடி போன்ற பூச்சுக் கொடுத்துச் செய்யப்படுவது. குஜராத்திலுள்ள மோர்பி நகரம் இத்தொழிலின் பெரும் மையம். சுவருக்கானவை, தரைக்கானவை என இதில் இரு வகைகள் உண்டு என்பதை மறக்கக்கூடாது. சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேலாக நீரை உறிஞ்சக்கூடியது, மெல்லியது, தரையில் பதித்தால் உடையும். தரைக்கான செராமிக் டைல்ஸ் பொதுவாக 3 முதல் 6 சதவீதம் மட்டுமே உறிஞ்சும். விலை மிதமானது; சொரசொரப்பான மேற்பரப்புடன் பல வகைகள் கிடைக்கும். நடுத்தரக் குடும்பத்தின் குளியலறைக்கு இது பொருத்தமான தேர்வு. குறை என்னவென்றால், கனமான பொருள் விழுந்து மேற்பூச்சு பெயர்ந்தால் உள்ளேயுள்ள வேறு நிறம் வெளியே தெரியும்.

விட்ரிஃபைட் டைல்ஸ்: மிக உயர்ந்த வெப்பத்தில் சுடப்படுவதால் கண்ணாடி போல் இறுகியது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. கடினமானது, கறை ஏறாது. ஆனால் இதில் பளபளப்பாக மெருகேற்றிய வகையை ஒருபோதும் குளியலறைத் தரைக்கு வாங்காதீர்கள். வரவேற்பறையில் மிஞ்சிய டைல்ஸைக் குளியலறையில் பதித்துவிடலாம் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் செய்யும் தவறு இதுவே. மெருகேற்றாத மங்கலான வகையே இங்கு வேண்டியது. உள்ளும் புறமும் ஒரே நிறமாயிருக்கும் ‘ஃபுல் பாடி’ வகையானால் கீறலும் சிதைவும் வெளியே தெரியாது. டிரம் நிற்கும் வீட்டுக்கு மிகவும் ஏற்றது.

கோட்டா கல்: இராஜஸ்தானத்தின் கோட்டா பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல். பச்சை கலந்த நீலத்திலும் பழுப்பிலும் வரும். உறுதியானது, விலை குறைவு. மெருகேற்றாமல் பதித்தால் வழுக்காது. துணி துவைக்கும் இடத்துக்கு இதற்கு இணை குறைவு. ஆனால் ஆசிட் பட்டால் அரிக்கும்.

ஷாஹாபாத் கல்லும் கடப்பா கல்லும்: முன்னது கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்திலிருந்தும், பின்னது ஆந்திரத்தின் கடப்பா பகுதியிலிருந்தும் வருகின்றன. பழைய வீடுகளின் மோரியில் பதித்திருக்கும் சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் ஷாஹாபாத் கல்லே. இவையும் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தவை, ஆசிட்டிலிருந்து காக்கப்படவேண்டியவை.

மார்பிள்: மக்ரானா மார்பிளின் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் நெருக்கடியான குடும்பக் குளியலறைக்கு அது ஏற்றதன்று. எண்ணெய்க் கறையை உறிஞ்சும், ஆசிட்டில் கரையும், மெருகேற்றினால் நனைந்தபோது வழுக்கும்.

கிரானைட்: மிகக் கடினமானது, நீரையும் கறையையும் தாங்கும். பளபளப்பாக மெருகேற்றியது வழுக்கும். தீச்சுடரால் சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கிடைத்தால் அது மிகச் சிறந்தது, செலவு கூடும்.

பிளாஸ்டிக் விரிப்பும் மரத்தைப் போன்ற விரிப்பும் வாளியில் மொண்டு குளிக்கும் நம் வழக்கத்துக்கு ஒத்துவராது. நீர் அவற்றின் ஓரங்களில் புகுந்து அடியில் தங்கி நாற்றம் உண்டாக்கும்.

அளவும் வண்ணமும்

பெரிய டைல்ஸ் பதித்தால் சிறிய அறை விசாலமாகத் தோன்றும் என்று கடைக்காரர் சொல்லலாம். சுவருக்கு அது பொருந்தும். தரைக்கு ஓர் அடிக்கு ஓர் அடி அல்லது அதைவிடச் சிறிய டைல்ஸே நல்லது. தரை நான்கு புறமிருந்தும் வடிகாலை நோக்கிச் சாயவேண்டும். பெரிய டைலை அப்படி வளைக்க இயலாது, வெட்டித்தான் பதிக்கவேண்டும். சிறிய டைல்ஸ் சாய்வோடு எளிதாக இணங்கும். இடுக்குகள் அதிகம் இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும்.

போர்வெல் அல்லது டேங்கர் நீரைப் பயன்படுத்தும் இடங்களில் நீர் கடினமாக இருப்பதுண்டு. அங்கே கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் உப்புப் படிவு வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். தூய வெள்ளையில் ஒவ்வோர் அழுக்கும் தெரியும். இளஞ்சாம்பல், மணல் நிறம், சிறு புள்ளிகள் கலந்த வகை ஆகியவை நடைமுறைக்கு ஏற்றவை. பார்வை மங்கிய முதியோர் வீட்டில் இருந்தால், தரையின் நிறமும் சுவரின் நிறமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கட்டும். தரை எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்.

வழுக்காத தரை யாருக்காக?

இளைஞன் ஒருவன் வழுக்கி விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துவிடுவான். எழுபது வயதுத் தாய் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். வயது ஏற ஏற எலும்பின் திண்மை குறைவதால், சிறிய விழுகையும் பெரிய முறிவாகிறது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, பின்பு நடக்கவே அச்சம் என அந்த ஒரு நொடியின் விளைவு நீண்டுகொண்டே போகும். ஊரில் மண்தரையிலும் சிமெண்ட் தரையிலும் வெறுங்காலோடு நடந்து பழகிய பெற்றோரை நாம் நகரத்துக்கு அழைத்து வருகிறோம். பளபளக்கும் ஈரத்தரை அவர்களுக்குப் புதிது. சோப்பு நுரை அதை இன்னும் ஆபத்தாக்குகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தரைகளின் வழுக்கும் தன்மையை அளக்க ஜெர்மானிய முறை ஒன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. அதில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் தரப்படுகிறது. எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். வெறுங்காலோடு ஈரத்தில் நடப்பதற்கென ஏ, பி, சி என்ற வேறொரு வரிசையும் உண்டு. அதில் சி மிகுந்த பிடிப்புள்ளது. குளியலறைக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 கேட்டு வாங்கலாம். அதற்கும் மேலான சொரசொரப்பு வீட்டுக்குத் தேவையில்லை. அழுக்கு தங்கும், தேய்த்துக் கழுவுவது கடினம்.

எண் குறிக்கப்படாத டைல்ஸானால், கடையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு டைலைத் தரையில் வைத்து, நீரும் சிறிது சோப்பும் விட்டு, வெறுங்காலை அதன்மேல் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். கால் தானாக ஓடினால் அந்த டைலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். ‘ஆன்டி ஸ்கிட்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பவேண்டாம், காலே சாட்சி.

தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், முதியோர் உள்ள வீட்டில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் பொருத்துங்கள். தரையிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், டைல்ஸோடு நில்லாமல் சுவருக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டுகளால் அது பிணைக்கப்படவேண்டும். துண்டு மாட்டும் கம்பி மனித எடையைத் தாங்காது.

வாங்கும்போதும் பதிக்கும்போதும்

4 அடிக்கு 6 அடி குளியலறையின் பரப்பு 24 சதுர அடி. வெட்டுவதிலும் உடைவதிலும் வீணாவதற்கு 10 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 27 சதுர அடி. இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படும். சதுர அடிக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நல்ல வகையை வாங்கினாலும், மொத்தத்தில் கூடும் செலவு 810 ரூபாய் மட்டுமே. உடைப்புக் கூலி, குப்பை அகற்றும் கூலி, பதிக்கும் கூலி ஆகியவை மலிவான டைல்ஸுக்கும் நல்ல டைல்ஸுக்கும் ஒன்றே. ஆகவே இந்த இடத்தில் மலிவைத் தேடுவது சிக்கனமாகாது.

பெட்டியின்மேல் ஐ.எஸ். 15622 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண்ணும் ஒரே நிழல் எண்ணும் இருக்கவேண்டும். இல்லையேல் பதித்தபின் நிற வேறுபாடு தெரியும். வேலை முடிந்தபின் நான்கைந்து டைல்ஸைப் பரணில் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.

செராமிக் டைல்ஸைச் சிமெண்ட் கலவையில் பதிப்பதானால் முன்னதாக நீரில் ஊறவைக்கவேண்டும். விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை உறிஞ்சாததால் வெறும் சிமெண்ட் பாலில் நன்றாகப் பற்றாது. அதற்கென விற்கப்படும் டைல் பசையால் பதிப்பதே முறை. டைலின் அடிப்பரப்பு முழுவதும் கலவை பரவவேண்டும். நடுவில் ஒரு கரண்டி கலவையை வைத்து அழுத்திவிட்டுப் போகிற பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் ஓரங்களின் அடியில் வெற்றிடம் உண்டாகி, அங்கே நீர் தங்கும், டிரம்மின் எடையில் டைல் உடையும். மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஒலி கேட்கும் டைலை எடுத்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள்.

பழைய டைல்ஸின்மேலேயே புதியதைப் பதிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கசிவு இல்லை, பழைய டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருக்கிறது, தரை உயர்ந்தாலும் வாசலைவிடத் தாழ்ந்தே இருக்கும் என்ற மூன்றும் உறுதியானால் செய்யலாம். கசிவு இருக்கும் தரையின்மேல் பதிப்பது புண்ணை மூடிக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

இடுக்குகளும் ஆசிட்டும்

தரையில் முதலில் முதுமை அடைவது இடுக்குகளே. டைல்களை ஒட்ட ஒட்ட வைக்காமல் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, எபாக்ஸி கிரௌட் நிரப்பினால் அது நீரை உறிஞ்சாது, பூஞ்சை பிடிக்காது, ஆசிட்டையும் ஓரளவு தாங்கும். விலை அதிகம், நிரப்புவதற்குப் பழகிய கை வேண்டும். ஆனால் 24 சதுர அடிக்கு அதிக அளவு தேவைப்படாது. வெள்ளைச் சிமெண்ட் மலிவானது. விரைவில் கறுத்து உதிரும்.

நம் வீடுகளில் தரையைக் கெடுப்பது பயன்பாடு அன்று, சுத்தம் செய்யும் முறையே. மஞ்சள் கறை போகவேண்டும் என்று வாரந்தோறும் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம். அது கறையோடு இடுக்கிலுள்ள சிமெண்டையும் கரைக்கிறது. கோட்டா, ஷாஹாபாத், கடப்பா, மார்பிள் ஆகிய கற்களின் மேற்பரப்பை அரிக்கிறது. அரித்த இடத்தில் அழுக்கு இன்னும் விரைவாகப் படிகிறது. மேலும் ஆசிட் ஊற்றுகிறோம். இந்தச் சுழலின் முடிவில் நீர் தரைக்குள் இறங்குகிறது. தவிரவும், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமற்ற சிறிய குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும்.

மிதமான சோப்புத்தூள், நைலான் பிரஷ், வெந்நீர் ஆகியவையே நாள்தோறும் போதும். டைல்ஸின்மேல் படிந்த உப்புக்கு நீர் கலந்த வினிகரைச் சற்று நேரம் விட்டுக் கழுவலாம். மேற்சொன்ன சுண்ணாம்புக் கற்களின்மேல் அதையும் விடவேண்டாம். கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் நீரைத் தள்ளிவிட்டு, கதவையோ சன்னலையோ திறந்துவைக்கட்டும். இந்த ஒரு நிமிடப் பழக்கம் தரையின் ஆயுளைக் கூட்டும். பாசியும் வழுக்கலும் குறையும்.

வாடகை வீட்டில் இருப்போர்

நம்மில் பலர் வாடகை வீட்டில் வாழ்கிறோம். பிறர் வீட்டுத் தரையை உடைத்து மாற்ற நம்மால் இயலாது. ஆயினும் செய்யக்கூடியவை உண்டு. உதிர்ந்த இடுக்குகளைச் சுரண்டி மீண்டும் நிரப்புவது சிறிய செலவில் முடியும். அடியில் உறிஞ்சு குமிழ்கள் உள்ள ரப்பர் மிதியடியைக் குளிக்கும் இடத்தில் விரிக்கலாம். அதைத் தினமும் தூக்கி உலர்த்தவேண்டும், இல்லையேல் அதன் அடியிலேயே பாசி வளரும். டிரம்முக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு ஒன்றை வைக்கலாம். கசிவு காணப்பட்டால் வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் உடனே தெரிவியுங்கள். குடியேறுவதற்கு முன்பே குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று பாருங்கள். வண்ணம் பூசிய சுவரைவிட அந்த ஒரு வாளி நீர் வீட்டைப்பற்றி அதிகம் சொல்லும்.

வேலை நடக்கும் நாட்கள்

உடைத்தல், குழாய் மாற்றுதல், வாட்டர் புரூஃபிங், நீர்ச் சோதனை, பதித்தல், உலர்த்தல் என எல்லாம் சேர்ந்து பத்து நாட்களாவது ஆகும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் இது பெரிய நெருக்கடி. மே மாத விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் போகும் சமயத்தைப் பலர் இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன்பு முடிந்துவிடும் என்பதால் அது நல்ல சமயமே. ஆனால் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு எல்லாரும் போய்விடக்கூடாது. மறைந்துபோகும் வேலையே இதில் முக்கியமானது. டைல்ஸ் பதித்தபின் அடியில் என்ன செய்தார்கள் என்று யாராலும் பார்க்க இயலாது. ஒருவராவது உடனிருந்து, ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணால் கண்டு, கூலியையும் கட்டம் கட்டமாகக் கொடுப்பதே நலம். சங்கத்தின் அனுமதியும், கீழ்வீட்டாருக்கு முன்னறிவிப்பும் மறவாதீர்கள்.

நினைவில் கொள்ள

1. பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: குழாய், வாட்டர் புரூஃபிங், சாய்வு, டைல்ஸ், கிரௌட்; கடைசியாக அலங்காரம்.
2. 48 மணி நேர நீர்ச் சோதனை முடியாமல் டைல்ஸ் பதிக்கக்கூடாது.
3. சுவர் டைல்ஸும், மெருகேற்றிய டைல்ஸும் தரைக்கு ஆகாது.
4. சோப்பு நீரில் வெறுங்காலால் சோதித்து வாங்குங்கள்.
5. முதியோருக்குக் கைப்பிடிக் கம்பி. எல்லாருக்கும் உலர்ந்த தரை.
6. ஆசிட்டைக் குறையுங்கள், பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

விருந்தினர் வந்தால் வரவேற்பறையைப் பாராட்டுவார்கள். குளியலறைத் தரையைப் பாராட்டுவோர் அரிது. ஆனால் இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகும் தகப்பனும், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளும், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும் பாட்டியும் தங்கள் நாளைத் தொடங்குவது அந்தத் தரையின்மேல்தான். மேலே அவர்கள் அச்சமின்றி நிற்கவும், கீழே அயலார் நனையாமல் உறங்கவும் செய்கிற தரையைத் தேர்ந்தெடுங்கள்.